வெயில் போகும் பக்கம் திரும்பும் பலகை

வாசகர்களே, லயத்து வாசலில் மோர்மிளகாய் காயப்போடும் பாட்டிமார்களைப் பார்த்திருப்பீர்கள். காலையில் முறத்தைக் கிழக்குப் பக்கம் சாய்த்து, பின்னால் ஒரு கல்லை அண்டக் கொடுத்து வைப்பார்கள். மதியத்தில் கல்லை எடுத்துவிட்டு முறத்தைத் தரையோடு படுக்க வைப்பார்கள். மூன்று மணிக்கு மேல் அதே கல் மறுபக்கம் போய்விடும். யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. வெயில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முறத்தின் முகம் இருந்தால் மிளகாய் சீக்கிரம் காயும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் பலகைகளுக்கும் இதே நியாயம்தான். பாட்டிக்குப் பதிலாக ஒரு மோட்டார், பாட்டியின் கண்ணுக்குப் பதிலாக இரண்டு சின்னஞ்சிறு மின்கண்கள், அவர் மூளைக்குப் பதிலாக நகத்தளவு ஓர் ஐ.சி. இவற்றை வைத்து, சூரியன் போகும் பக்கமெல்லாம் தானே திரும்பும் பலகை ஒன்றை எங்கள் தோட்டப் பள்ளியில் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பார்த்தோம். செய்த விதத்தையும், பட்ட பாட்டையும், கடைசியில் போட்ட கணக்கையும் உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இந்த வேலை ஓர் ஆட்டுக் கொட்டகையில் ஆரம்பித்தது. என்னிடம் படிக்கும் ஒரு பையனுடைய அப்பா செம்பனைக் காட்டு ஓரத்தில் ஆடு வளர்க்கிறார். அங்கே மின்கம்பி போகவில்லை. செம்பனைக் காட்டில் எலி உண்டு. எலி இருக்கும் இடத்தில் மலைப்பாம்பும் உண்டு. சினையாட்டைப் பாம்பு பிடித்த பிறகு, அவர் 50 வாட் சூரியப் பலகை ஒன்றும், 20 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றும், 20 வாட் விளக்கு ஒன்றும் வாங்கி மாட்டினார். விளக்கு ஏழு மணிக்கு எரியத் தொடங்கும். விடியும்வரை எரிய வேண்டும். ஆனால் நடுச்சாமம் கழிந்து ஒரு மணி, இரண்டு மணிக்கே அணைந்துவிடும். பாம்பு வருகிற நேரமோ அதற்கப்புறம்தான்.

"சார், பலகை கூரையில கிழக்க பாத்து இருக்கு. சாயங்காலம் அதுல வெயிலே படலை. சூரியனோட சேந்து திரும்புற மாதிரி செஞ்சா விடியுற வரைக்கும் லைட் எரியுமா சார்?" என்று பையன் வகுப்பில் கேட்டான். மறுநாளே அவன் அப்பாவும் வந்து நின்றார். ஆடு ஒன்று விற்ற காசு கையில் இருந்தது. "வாத்தியாரையா, நீங்க செய்யச் சொன்னா செஞ்சிடுவோம். இந்தக் காசு போதுமா பாருங்க," என்றார். பிள்ளைகளின் படிப்புக்குச் செய்வது வேறு. ஒருவர் ஆடு விற்ற காசை வாங்கிச் செய்வது வேறு. "அண்ணே, காசை வீட்டுலேயே வச்சிருங்க. முதல்ல பள்ளிக்கூடத்துல ஒண்ணு செஞ்சு பாக்குறோம். பிரயோசனம் இருந்தா சொல்றேன்," என்று சொல்லி அனுப்பினேன்.

சாய்ந்தால் என்ன குறைகிறது?

இதை உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இருட்டில் டார்ச் லைட்டைச் சுவருக்கு நேராகப் பிடியுங்கள். வட்டமான வெளிச்சம் விழும். அப்படியே டார்ச்சைச் சாய்த்தால் வட்டம் நீண்டு முட்டை வடிவமாகி, வெளிச்சம் மங்கும். டார்ச்சிலிருந்து வருவது அதே வெளிச்சம்தான். அது கூடுதல் இடத்தில் பரவிப் போகிறது. பலகையின் கதையும் அதுதான். சூரியன் பலகைக்கு நேர் எதிரே நின்றால் 100 பங்கு ஒளி கிடைக்கிறது என்று வையுங்கள். 30 பாகை சாய்ந்தால் 87 பங்கு. 45 பாகைக்கு 71. 60 பாகைக்குச் சரிபாதி. 75 பாகைக்கு 26 பங்குதான். முதல் 30 பாகைவரை நட்டம் சிறிது. அதற்குப் பிறகுதான் மளமளவென்று சரிகிறது. இந்த வரிசையை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சூரியன் ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை நகர்கிறது. நம் நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், ஏறக்குறைய தலைக்கு மேலேயே ஏறி இறங்குகிறது. கோலாலம்பூர் பக்கம் மார்ச் மாதக் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் உச்சிவேளையில் நட்ட கம்பத்துக்கு நிழலே இராது. ஜூன் மாதத்தில் சூரியன் சுமார் 20 பாகை வடக்கே ஒதுங்கும். டிசம்பரில் 26 பாகைக்கு மேல் தெற்கே போகும். ஆனால் உச்சிவேளை பன்னிரண்டு மணிக்கு என்று எண்ணிவிடாதீர்கள். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டு, சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒன்றாயின. சிங்கப்பூரும் அப்படியே செய்தது. அதனால் கோலாலம்பூரில் உச்சிவேளை சுமார் ஒன்றேகால் மணிக்கு வருகிறது. மாதத்துக்கு மாதம் சில நிமிடம் முன்பின் இருக்கும். எங்கள் பிள்ளைகள் திடலில் ஒரு கழியை நட்டு, நிழல் மிகவும் குட்டையாகும் நேரத்தைக் குறித்து, இதைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். "கடிகாரம் பொய் சொல்லுது சார்!" என்று ஒருத்தி கத்தியது அடுத்த வகுப்புவரை கேட்டது.

ஆட்டுக் கொட்டகைப் பலகை கிழக்கே 30 பாகை சாய்ந்திருக்கிறது. மாலை நாலு மணிக்குச் சூரியன் உச்சியைத் தாண்டி மேற்கே 40 பாகைக்குமேல் போயிருக்கும். இரண்டையும் கூட்டினால் 72 பாகை. அப்படியானால் 31 பங்கு ஒளிதான். பையன் சொன்னது சரிதான்.

சூரியனைத் தொடர்ந்து திரும்பும் எந்திரம் புதிதல்ல. 1913-இல் எகிப்து நாட்டில், கெய்ரோவுக்குத் தெற்கே மாடி என்னும் ஊரில், ஃபிராங்க் ஷுமன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஐந்து பெரிய கண்ணாடித் தொட்டிகளை நிறுவினார். ஒவ்வொன்றும் 62 மீட்டர் நீளம். சூரியனோடு சேர்ந்து அவை கிழக்கிலிருந்து மேற்காகத் திரும்பின. அந்தச் சூட்டில் நீராவி உண்டாக்கி, நைல் நதி நீரை வயலுக்கு இறைத்தார். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் வந்து எல்லாம் நின்று போயிற்று. மின்சாரம் தரும் சிலிக்கன் சில்லு பிறகுதான் வந்தது. 1954 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் அதை உலகுக்குக் காட்டியது. செய்தவர்கள் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூவர். அன்று அது ஒரு குட்டி ராட்டினத்தைச் சுற்ற வைத்தது. விழுந்த வெயிலில் நூற்றுக்கு 6 பங்குதான் மின்சாரமாயிற்று. இன்று கடையில் கிடைக்கும் நல்ல பலகைகளில் அது 20 பங்கைத் தாண்டிவிட்டது.

இரண்டு கண்ணும் ஒரு மூக்கும்

நம் கருவியின் உயிர்நிலை அதன் கண்களில் இருக்கிறது. எல்.டி.ஆர். என்று கடையில் கேளுங்கள். பட்டாணி அளவில், முகத்தில் பாம்பு நெளிந்தாற்போல் ஒரு கோடு போட்டிருக்கும். ஒன்று ஒரு வெள்ளிக்கும் குறைவு. இருட்டில் மின்சாரத்தை அநேகமாக விடாது. அதன் தடை லட்சக்கணக்கான ஓம் இருக்கும். நல்ல வெயிலில் சில நூறு ஓம் ஆகிவிடும். இரண்டு எல்.டி.ஆர். எடுத்து, ஒன்றைக் கிழக்கிலும் ஒன்றை மேற்கிலும் வைத்து, நடுவில் மூக்குப் போல ஒரு தட்டியை நிறுத்துங்கள். சூரியன் நேரே இருந்தால் இரண்டு கண்ணிலும் வெயில் படும். மேற்கே நகர்ந்தால் மூக்கின் நிழல் கிழக்குக் கண்ணில் விழும். எந்தக் கண்ணில் நிழலோ அதற்கு எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். இவ்வளவுதான் தத்துவம்.

மூக்கின் உயரத்தில் ஒரு கணக்கு உண்டு. கண் மூக்கிலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளியும், மூக்கு 6 சென்டிமீட்டர் உயரமும் இருந்தால், சூரியன் சுமார் 10 பாகை விலகும்போது நிழல் கண்ணைத் தொடும். 10 பாகை என்பது 40 நிமிட நேரம். அதுவரை பலகை சும்மா இருக்கும். 10 பாகை சாய்ந்தால் நட்டம் நூற்றுக்கு 2 பங்குகூட இல்லை. ஆகவே, நொடிக்கு நொடி சூரியனைத் துரத்த வேண்டிய அவசியமே இல்லை. இது தெரியாமல் சிலர் மூக்கை ஒரு முழத்துக்கு நிறுத்தி மோட்டாரைப் பைத்தியமாக அடிக்கிறார்கள்.

இனி இணைப்பு. சாலிடர் பிடிக்கத் தெரிந்த அண்ணன்மார்களும் தம்பிமார்களும் கவனமாகப் படியுங்கள். மற்றவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போனாலும் பாதகமில்லை. மின்சாரம் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து. நேர்முனையிலிருந்து முதலில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், பிறகு கிழக்குக் கண், பிறகு மேற்குக் கண், பிறகு இன்னொரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், பிறகு எதிர்முனை. எல்லாம் ஒரே வரிசை. இரண்டு கண்ணும் சேரும் இடத்தை நடுப்புள்ளி என்போம். இரண்டிலும் ஒரே வெளிச்சம் என்றால் நடுப்புள்ளியில் 6 வோல்ட் இருக்கும். கிழக்கில் வெளிச்சம் அதிகமானால் அது ஏறும். மேற்கில் அதிகமானால் இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக் கட்டளை போடுவது எல்.எம். 358 என்னும் எட்டுக் கால் ஐ.சி. 8-ஆம் காலில் நேர்முனை, 4-ஆம் காலில் எதிர்முனை. வேறொரு வரிசையாக 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவே போட்டால், 6 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு புள்ளியும் கொஞ்சம் கீழே ஒரு புள்ளியும் கிடைக்கும். மேற்புள்ளியை 2-ஆம் காலுக்கும், கீழ்ப்புள்ளியை 5-ஆம் காலுக்கும் கொடுங்கள். நடுப்புள்ளியை 3-ஆம் காலுக்கும் 6-ஆம் காலுக்கும் சேர்த்துக் கொடுங்கள். நடுப்புள்ளி மேற்புள்ளியைத் தாண்டினால் 1-ஆம் காலில் மின்சாரம் வரும். கீழ்ப்புள்ளிக்குக் கீழே போனால் 7-ஆம் காலில் வரும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் எதிலும் வராது. அந்த நடு இடைவெளிதான் கருவியின் பொறுமை. அதைக் கூட்டிக் குறைக்க வேண்டுமானால் நடுவிலுள்ள 1 கிலோ ஓமுக்குப் பதில் 5 கிலோ ஓம் திருகு ரெசிஸ்டர் போடலாம்.

1-ஆம் காலும் 7-ஆம் காலும் தனித்தனியே 4.7 கிலோ ஓம் வழியாக ஒரு என்.பி.என். டிரான்சிஸ்டரை இயக்கும்; பி.சி. 337 போதும். ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் 12 வோல்ட் ரிலே ஒன்றை இழுக்கும். ரிலேச் சுருளுக்குக் குறுக்கே 1என் 4007 டயோடை, வெள்ளைக் கோடு நேர்முனைப் பக்கம் இருக்கும்படி போட மறக்காதீர்கள். மறந்தால் ரிலே விடுபடும்போது எழும் உதைப்பில் டிரான்சிஸ்டர் செத்துவிடும். எங்களுக்கு இரண்டு செத்தன. மோட்டாரின் இரண்டு வயர்களையும் இரண்டு ரிலேக்களின் நடு முனைகளில் கொடுங்கள். ரிலே சும்மா இருக்கும்போது நடு முனை எதிர்முனையைத் தொட வேண்டும்; இழுக்கும்போது நேர்முனையைத் தொட வேண்டும். முதல் ரிலே இழுத்தால் ஒரு பக்கம், இரண்டாவது இழுத்தால் மறுபக்கம் மோட்டார் சுற்றும். இரண்டும் தவறிச் சேர்ந்து இழுத்தாலும் மோட்டார் நிற்குமே தவிர எதுவும் எரியாது. ஏழை வீட்டுக்கு ஏற்ற இணைப்பு இது.

மோட்டாருக்கு எங்கே போவது? பழைய இரும்புக் கடையில் காரின் வைப்பர் மோட்டார் கிடைக்கும். அது நிமிடத்துக்கு நாற்பது ஐம்பது சுற்றுச் சுற்றும். பலகைக்கு அது புயல் வேகம். அதனால் மோட்டாரை நேரே பலகையில் மாட்டாமல், மரை போட்ட நீளக் கம்பி ஒன்றைச் சுற்ற வைத்தோம். 10 மில்லிமீட்டர் கம்பியில் ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர்தான் நட்டு நகரும். அந்த நட்டு பலகையின் ஓரத்தைத் தள்ளும், இழுக்கும். இன்னொரு லாபமும் உண்டு. காற்றடித்துப் பலகையை உலுக்கினாலும் மரைக் கம்பி திரும்பிச் சுற்றாது. வைத்த இடத்தில் நிற்கும். பலகை ஒரு இரும்புக் குழாயில் வடக்குத் தெற்காக ஊஞ்சல் போல மாட்டப்பட்டிருக்கிறது. 50 வாட் பலகை சுமார் 4 கிலோதான் என்பதால், குழாய் சரியாக நடுவில் இருந்தால் ஒரு விரலால் ஆட்டலாம். அப்படி ஆடாவிட்டால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள், குழாயைத் தள்ளிப் போடுங்கள்.

வகுப்பறையில் ஆடியது, வெயிலில் படுத்தது

வகுப்பறையில் டார்ச் லைட்டைக் காட்டினோம். பலகை அழகாகத் திரும்பியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். வெளியே கொண்டுபோய் வைத்தோம்; ஒரு மணி நேரத்தில் கண் இரண்டும் சுட்டுவிட்டன. தப்பு என்னுடையது. மேலே சொன்ன இரண்டு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை அப்போது நான் போட்டிருக்கவில்லை. கடும் வெயிலில் எல்.டி.ஆரின் தடை அவ்வளவு குறைந்து போய், 12 வோல்ட்டும் அவற்றின் வழியே பாய்ந்து சூடேற்றிவிட்டது. ரெசிஸ்டர் போட்டதும் அந்த நோய் தீர்ந்தது. நம் ஊர் வெயிலில் நிழலுக்குள்ளும் வெளிச்சம் அதிகமாகையால், கண்களுக்கு மேல் பால்வெள்ளைப் பிளாஸ்டிக் மூடி ஒன்றையும் வெட்டி ஒட்டினோம். கண் கூசாமல் வேறுபாடு தெரிந்தது.

அடுத்த நாள் காலையில் வந்து பார்த்தால், பலகை பள்ளி வராந்தாவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. இரவெல்லாம் எரிந்த வராந்தா விளக்கைச் சூரியன் என்று எண்ணிக் கும்பிட்டிருக்கிறது! இருட்டில் இரண்டு கண்ணின் தடையும் மிகப் பெரிதாகிவிடுவதால், எங்கோ எரியும் சிறு விளக்கும் பெரிய வேறுபாட்டைக் காட்டிவிடும். அதற்கு மருந்து, ஒவ்வொரு கண்ணுக்கும் குறுக்கே 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. பகலில் கண்ணின் தடை அதைவிடச் சிறியது. ஆகவே கண் சொல்வதே சட்டம். இரவில் கண் பெரிதாகும்போது இரண்டு ரெசிஸ்டரும் சமமாக நின்று, நடுப்புள்ளியை 6 வோல்ட்டிலேயே பிடித்து வைக்கும்.

மூன்றாவது தொல்லை காலைச் சூரியன். முதல் நாள் மாலை மேற்கே பார்த்துப் படுத்த பலகைக்கு, விடிந்ததும் சூரியன் முதுகுப்பக்கம் எழும். முன்னால் இருக்கும் கண்கள் அதைக் காணா. அதனால் பலகையின் முதுகில் கறுப்புக் குழாய்த் துண்டு ஒன்றுக்குள் மூன்றாவது எல்.டி.ஆர். வைத்து, அதைக் கிழக்குக் கண்ணோடு பக்கவாட்டில் இணைத்தோம். முதுகில் வெயில் பட்டால் பலகை கிழக்கே திரும்பும். திரும்பிய பிறகு மூன்றாம் கண் பலகையின் நிழலுக்குள் போய் வாயை மூடிக்கொள்ளும்.

மேகக் கூட்டம் வந்து வந்து போகும் நாளில் ரிலே 'டிக் டிக்' என்று பல்லி போலக் கத்திற்று. நடுப்புள்ளிக்கும் ஐ.சி.க்கும் இடையில் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும், அதற்குப் பின்னால் எதிர்முனைக்கு 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றையும் போட்டோம். பத்து விநாடி யோசித்துவிட்டே முடிவெடுக்கும். உண்மைப் பல்லியும் ஒன்று ரிலேப் பெட்டிக்குள் குடியேறி முட்டை போட்டிருந்தது. துளைகளுக்குக் கொசுவலைத் துணி கட்டியபின் வரவில்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது எல்லை சுவிட்ச். மோட்டாருக்கு எங்கே நிற்பது என்று தெரியாது. ஒரு நாள் நட்டு கம்பியின் கடைசிவரை போய், பலகையின் சட்டத்தை வளைத்துவிட்டது. நல்லவேளை, கண்ணாடி உடையவில்லை. இரண்டு கோடியிலும் மைக்ரோ சுவிட்ச் வைத்து மோட்டார் வயரில் வரிசையாக இணையுங்கள். ஒவ்வொரு சுவிட்சுக்கும் குறுக்கே 3 ஆம்பியர் டயோடு ஒன்று போட்டால், அந்தப் பக்கம் போவது நிற்கும்; திரும்பி வருவதற்கு மட்டும் டயோடு வழிவிடும். பேட்டரியின் நேர்முனையிலேயே ஃபியூஸ் போடுங்கள். பேட்டரி 12 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம். அதன் இரண்டு முனையும் ஒரு ஸ்பேனரில் பட்டுவிட்டால் ஸ்பேனர் சிவக்கும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் கம்பியோடு இதை எந்தக் காரணத்துக்கும் சேர்க்காதீர்கள். வானம் இடிக்க ஆரம்பித்தால் திடலில் நிற்கும் இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகளை விடாதீர்கள்.

ஆட்டுக் காசுக்குக் கணக்கு

கருவி ஓடியது. பையனின் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அரைமணி நேரம் இமை கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். பலகை ஒரு முறை 'ர்ர்ர்' என்று திரும்பியதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தபின் நான் சொல்ல வேண்டியதைச் சொல்வது கஷ்டமாகத்தான் இருந்தது.

நம் நாட்டில் 50 வாட் பலகை நல்லபடி வைத்தால் நாளுக்குச் சுமார் 200 வாட் மணி தரும். மேகமே இல்லாத பாலைவன நாடுகளில் இப்படித் திரும்பும் பலகை நூற்றுக்கு 20, 30 பங்கு கூடுதலாகத் தரும். நமக்கோ வானத்தில் எப்போதும் மேகம். நம் மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய பாதி, மேகத்தில் பட்டுச் சிதறி நாலா பக்கமிருந்தும் வருவது. அதற்குப் பலகை எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுதான். ஆகவே நமக்குக் கிடைக்கும் கூடுதல் அதைவிடக் குறைவு. பத்துப் பதினைந்து பங்கு என்று வைத்தாலும் 20 அல்லது 30 வாட் மணி. எங்கள் மோட்டார் மேற்கே போகவும் திரும்பி வரவும் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நிமிடம் ஓடுகிறது. 3 ஆம்பியர் என்றால் 7 வாட் மணி. கண்ணும் ஐ.சி.யும் இரவு பகலாகக் குடிப்பது 2 வாட் மணி. மொத்தம் 9. கூடுதலாகக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்கையோ பாதியையோ கருவியே தின்றுவிடுகிறது. ஆயிரம் வாட் பலகைகளை ஒரே சட்டத்தில் வைத்துத் திருப்புகிறவர்களுக்கு இந்த 9 ஒரு பொருட்டல்ல. ஒற்றைப் பலகைக்காரருக்கு அது பெரிது. இன்று பலகை விலை மிகவும் இறங்கிவிட்டது. மோட்டார், மரைக்கம்பி, ரிலே, பெட்டி இவற்றுக்கு ஆகும் காசுக்கு இன்னொரு பலகையே வாங்கிவிடலாம்.

அதைவிட வேடிக்கை, கோளாறு பலகையிலேயே இல்லை. பையனும் நானும் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 12 வோல்ட், 20 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் 240 வாட் மணி. ஈயப் பேட்டரியைப் பாதிக்குமேல் வடித்தால் சீக்கிரம் கெட்டுப்போகும். ஆகவே நமக்கு உள்ளது 120. விளக்கோ 20 வாட். ஆறு மணி நேரம்! ஏழு மணிக்கு ஏற்றினால் ஒரு மணிக்கு முடிந்தது. சூரியனையே கொண்டுவந்து பலகை மேல் உட்கார வைத்தாலும் அந்தப் பேட்டரியில் வைக்க இடமில்லை. 9 வாட் விளக்கு போட்டால் பதினொரு மணி நேரத்துக்கு 99 வாட் மணி. விடியும்வரை தாங்கும். பையன் தரையில் கூட்டிக் கழித்துவிட்டு, "அப்பா, லைட்டைத்தான் மாத்தணும்பா," என்றான்.

தினம் 99 வாட் மணி பேட்டரிக்குள் போக வேண்டுமானால், மழை நாளையும் நினைத்துப் பலகையைக் கூரையிலிருந்து இறக்குவது நல்லது என்று தோன்றிற்று. மோட்டார் இல்லாமல், அதே ஊஞ்சல் குழாயை ஒரு கம்பத்தில் மாட்டினோம். பக்கத்துத் தகட்டில் மூன்று துளை: கிழக்கே 45 பாகை, நேர் மேலே, மேற்கே 45 பாகை. ஓர் ஆணியைச் செருகினால் நிற்கும். பன்னிரண்டுக்குக் கால் மணி முன்பு ஒரு தடவை, மூன்றுக்குக் கால் மணி முன்பு ஒரு தடவை ஆணியை மாற்றினால், காலை எட்டேகாலிலிருந்து மாலை ஆறேகால்வரை சூரியன் எந்த நேரத்திலும் 30 பாகைக்குமேல் சாய்ந்திராது. அதாவது 87 பங்குக்குக் குறையாது. மார்ச், செப்டம்பர் மாதங்களுக்கு இது சரியான கணக்கு. ஜூனிலும் டிசம்பரிலும் கொஞ்சம் குறையும். மறந்து போகிறவர்கள் பலகையைத் தரைக்குச் சமமாக, மழைத் தண்ணீர் வழிய இலேசான சரிவோடு வைத்துவிட்டாலும் நம் நாட்டில் பெரிய நட்டமில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும் என்றால் கிழக்கே சற்றுச் சாய்ப்பது மேல், ஏனென்றால் நம் ஊர்களில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டிக்கொண்டு வருகிறது. பலகை மேல் விழும் செம்பனைத் தூளையும் பறவை எச்சத்தையும் வாரம் ஒரு முறை துடைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அப்பா செம்பனைக் காட்டில் வேலைக்குப் போய்விடுவதால், ஆணி மாற்றும் பொறுப்பு பையனுடைய பாட்டியிடம் வந்தது. ஆட்டுக்குத் தழை போடப் போகும்போது மாற்றுகிறார். நான் நேரம் எழுதிய தாளை அவரிடம் நீட்டினேன். "இதுக்கு எதுக்கு வாத்தியாரே காயிதம்? நான் முறம் திருப்புற நேரம்தானே?" என்றார்.

ஆடு விற்ற காசில் விளக்குக்குப் போக மீந்தது அவர்களிடமே இருக்கிறது. திரும்பும் கருவி பள்ளித் திடலில் நிற்கிறது. அடுத்த வகுப்புப் பிள்ளைகள் அதிலிருந்து ரிலேக்களைக் கழற்றிவிட்டு, மணி பார்த்துத் திருப்பும் சிறு கணினிச் சில்லு ஒன்றைப் பொருத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். முதலில் பழைய இணைப்பைத் தாளில் வரைந்து காட்டுங்கள், பிறகு கழற்றலாம் என்று சொல்லியிருக்கிறேன். வரைந்துகொண்டிருக்கிறார்கள்.